62 சதவீதத்தில் நின்றுபோன புரோகிராம்

கேள்வி: சார், என் காரில் பி0302 என்ற பழுதுக் கோடு (code) அழித்தாலும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இ.சி.எம்.மை ரீபுரோகிராம் செய்தால் சரியாகும் என்றார்கள். ஸ்கேன் டூலை மாட்டி நானே ஆரம்பித்தேன், 62 சதவீதத்தில் தொடர்பு அறுந்துவிட்டது. இப்போது சாவியைத் திருப்பினால் ரேடியேட்டர் ஃபேன் மட்டும் விடாமல் ஓடுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. இ.சி.எம். போய்விட்டதா?

பதில்: புது இ.சி.எம்.முக்கு ஆர்டர் போட்டுவிடாதீர்கள், பொறுங்கள். இ.சி.எம். பேச்சை நிறுத்திவிட்டால் இன்ஜின் சூடாகிவிடக் கூடாது என்று பல கார்களில் ஃபேன் தானாகவே ஓடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உள்ளே நடந்தது இதுதான்: ஃபிளாஷ் மெமரியில் பழையதன் மேலேயே புதியதை எழுத முடியாது, அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும், அதனால் பழைய புரோகிராமும் இல்லை, புதியதும் முழுசாக இல்லை. ஆனால் புரோகிராமை உள்ளே ஏற்றிக்கொள்ளும் பூட்லோடர் என்ற சின்னப் பகுதி வழக்கமாக அழியாமல் தனியாக இருக்கும். அது உயிரோடு இருந்தால் அதே டூலில் ரெக்கவரி முறையில், அதே ஃபைலை முதலிலிருந்து ஏற்றலாம். இ.சி.எம். தன் நம்பரைச் சொல்லாமல் போகலாம், அப்போது அதன் மேல் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரைப் பார்த்து நீங்களே கொடுக்க வேண்டியிருக்கும்.

அதற்கு முன் பேட்டரி. என் சந்தேகம் முழுக்க அதன் மேல்தான். இக்னிஷன் ஆனில், இன்ஜின் ஓடாமல், அரை மணி நேரம் கூட இழுக்கும் வேலை இது, அதற்குள் வோல்டேஜ் இறங்கிவிடும். ஸ்கேன் டூலை மாட்டும் ஓ.பி.டி. சாக்கெட்டில் 16-ஆம் பின்னுக்கும் 4-க்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், 12 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் புரோகிராமைத் தொடவே தொடாதீர்கள். சாதாரண சார்ஜரைப் போட்டுக்கொண்டே ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள், அதில் மின்சாரம் சீராக வராது, புரோகிராமிங்குக்கென்றே உள்ள பவர் சப்ளை வேண்டும். ஹெட்லைட், ஏசி எல்லாம் ஆஃப். ஒயர் இல்லாத இணைப்பு வேண்டாம், கேபிள் போடுங்கள். லேப்டாப் தூங்கிப்போகாமல் செட்டிங்கை மாற்றுங்கள், எனக்கு ஒருமுறை அதனாலேயே ஒரு ராத்திரி போச்சு. இவ்வளவுக்கும் பூட்லோடர் பதில் தராவிட்டால் இ.சி.எம்.மைக் கழற்றி மேசையில் வைத்து நேரடியாக எழுத வேண்டும், அது அதற்கென்று இருப்பவர்கள் கையில் விட வேண்டிய வேலை.

ஏறிவிட்டதா, சரி, பழுதுக் கோடுகளை அழித்துவிட்டு த்ராட்டில் லேர்னிங் செய்யுங்கள், அதாவது இன்ஜினுக்குள் காற்று விடும் வால்வின் நிலையை இ.சி.எம்.முக்கு மறுபடி பழக்குங்கள். டீசல் வண்டி என்றால் இன்ஜெக்டர் கோடுகள் (இவை பழுதுக் கோடு அல்ல, எரிபொருள் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் உரிய எண்கள்) அப்படியே இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அப்புறம், பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியாக எரியவில்லை. ஒரு சிலிண்டரை மட்டும் காட்டும் கோடுக்கு யாராவது முதலில் சாஃப்ட்வேரைத் தொடுவார்களா? பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாக உள்ள பெட்ரோல் வண்டி என்றால், இரண்டாவது காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றி மாட்டி ஓட்டிப் பாருங்கள், கோடு பி0303 என்று மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக், அதற்கப்புறம் இன்ஜெக்டர், கம்ப்ரெஷன்.

கேள்வி: கோடு படிக்கிற சின்ன புளூடூத் கருவியிலேயே இ.சி.எம்.மை புரோகிராம் செய்ய முடியுமா?

பதில்: வேண்டாம், அது கோடு படிக்கவும் அழிக்கவும்தான். புரோகிராமுக்கு லேப்டாப்பையும் காரையும் இணைக்கும் ஜே2534 பாஸ்த்ரூ கருவியோ அந்தக் கம்பெனியின் சொந்த டூலோ வேண்டும், அதோடு அவர்களுடைய சாஃப்ட்வேர் சந்தாவும்.