கினி பிக்குக்கு முடி கொட்டினால் ஆட்டு மருந்தைத் தொடாதீர்கள்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். மகளுக்காக இரண்டு பெண் கினி பிக் வளர்க்கிறோம். ஒன்றுக்கு முதுகிலும் தொடையிலும் முடி கொட்டி, தோல் பொருக்குத் தட்டியிருக்கிறது. எந்நேரமும் சொறிந்துகொண்டே இருக்கிறது. வேப்பெண்ணெய் தடவியும் கேட்கவில்லை. ஆட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்து வீட்டில் இருக்கிறது. அதைப் போடலாமா?

பதில்: நீங்களாகப் போடாதீர்கள். மருந்து சரியானதுதான், கினி பிக்கின் சொறிப்பூச்சியைக் கொல்ல நாங்கள் தருவதும் ஐவர்மெக்டின்தான். அளவில்தான் ஆபத்து. ஆட்டு மருந்தில் பொதுவாக ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கும். 800 கிராம் எடையுள்ள கினி பிக்குக்குத் தேவைப்படுவது ஒரு மில்லியில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. ஆட்டுக்குப் போடும் சிரிஞ்சில் அதை அளக்கவே முடியாது. அளவு அதிகம் கூடிவிட்டால் நரம்பைத் தாக்கி ஆளைச் சாய்த்துவிடும். மருத்துவர் எடை பார்த்துப் போட்டு, பத்துப் பதினான்கு நாள் இடைவெளியில் திரும்பவும் போடுவார். பூச்சியின் முட்டைகள் முதல் ஊசிக்குச் சாகாது என்பதால் இரண்டாவதைத் தவறவிடாதீர்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தோலுக்குள் வளை தோண்டும் சொறிப்பூச்சியாகத்தான் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாது. அரிப்பு அவ்வளவு கொடுமையாக இருக்கும், முதுகைத் தொட்டாலே சில கினி பிக் வலிப்பு வந்ததுபோல் துடிக்கும். உங்களுடையதும் அப்படித் துடித்தால் நாள் கடத்தாதீர்கள். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தும் சில சமயம் பூச்சி சிக்காது. அதனால் அறிகுறியை வைத்தே சிகிச்சை தொடங்குவது வழக்கம். இன்னொன்று நன்றாக இருந்தாலும் அதற்கும் சேர்த்தே மருந்து. கூண்டில் விரித்ததை எல்லாம் கொட்டிவிட்டு, வெந்நீரில் கழுவி வெயிலில் காயப்போடுங்கள். வேப்பெண்ணெயை நிறுத்துங்கள், நக்கி வயிற்றுக்குள் போகும்.

அரிப்பே இல்லாமல் முடி கொட்டினால் கதை வேறு. இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி கொட்டினால், இரண்டு வயது தாண்டிய பெண்ணுக்குக் சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கலாம். அதற்கு ஸ்கேன் வேண்டும். சினையாக இருந்தாலும் முடி மெலியும். மூக்கு, கண், காது ஓரத்தில் வட்டமாகக் கொட்டிச் செதில் உதிர்ந்தால் படர்தாமரை. இது மனிதருக்கும் ஒட்டும், மகளின் கை கழுத்தில் வட்டமாகத் தடிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். காதுக்குப் பின்னால் சின்ன வழுக்கை எல்லாவற்றுக்கும் பிறவியிலேயே உண்டு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

தீனியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தோல் கெடுவதற்கு இதுவும் காரணம். நம்மைப் போலவே கினி பிக்குக்கும் வைட்டமின் சி உடம்பில் ஊறாது. குறைந்தால் முடி சொரசொரப்பாகும், மூட்டு வீங்கும், ஈறில் ரத்தம் வரும். தினமும் ஒரு துண்டு குடைமிளகாய், அவ்வப்போது சின்னத் துண்டு கொய்யா, கொத்தமல்லித் தழை கொடுங்கள். தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சொட்டு சீக்கிரம் வீரியம் இழந்துவிடும், அதை நம்ப வேண்டாம். முருங்கைக் கீரையில் சி இருந்தாலும் சுண்ணாம்புச் சத்து அதிகம். மூத்திரப்பையில் கல் கட்டும் என்பதால் தினமும் வேண்டாம். நாள் முழுக்க மென்று தின்ன நல்ல காய்ந்த புல் வேண்டும். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், விளையும் கொழுக்கட்டைப்புல் கிடைத்தால் அருமை. பூஞ்சணம் பிடித்த புல்லை மட்டும் போடாதீர்கள்.

சொறிந்த இடத்தில் சீழ் வைத்தால் மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்து வாய்வழி போனால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, கழிச்சல் கண்டு செத்தே போகும்.

பக்கத்தில் சின்னப் பிராணி பார்க்கும் மருத்துவர் இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு இரண்டையும் ஒரே பெட்டியில், புல் போட்டு, வெயில் ஏறும் முன் கொண்டு போங்கள். அதற்குள் தீனி எடுக்காமல் அரை நாள் கிடந்தால் அது அவசர நிலை. அன்றே, கிடைக்கிற கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.