சரிவுச் சாலையில் இன்லெட்: கேள்வி பதில்

சுங்கை சிப்புட் பக்கம், பழைய தோட்டத்து மேட்டில் எழுந்த தாமான். சாலை செம்பனை ஓரத்திலிருந்து இறங்கிக் கடைவரிசையில் சமமாகிறது. பெருமழை பெய்தால் கடை வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். அந்தச் சாலையை, மழைநீர் ஓட்டத்தைக் கணிக்கும் ஸ்வம் (SWMM) மென்பொருளில் மாதிரி போடுகிறவர்கள் கேட்டவை இவை. இன்லெட் என்றால் சாலை நீரைக் கீழே ஓடும் குழாய்க்கு இறக்கும் வாய்.

அண்ணே, சரிவில் வரிசையாக இன்லெட் வைத்தும் தண்ணீர் கீழேதான் போகிறது. மென்பொருள் பிழையா?

பிழை இல்லை தம்பி. சரிவில் தண்ணீர் இன்லெட் முன் நிற்பதில்லை, வாயைத் தொட்டுக்கொண்டே ஓடிவிடும். சாலை விளிம்பில் திறந்த வாயை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையின் ஹெக்-22 (HEC-22) வடிகால் கையேட்டு முறைப்படி, அதே அளவு நீருக்குச் சரிவு 1 விழுக்காட்டிலிருந்து 4 ஆனால், முழுவதையும் பிடிக்கத் தேவையான வாய் நீளம் ஏறக்குறைய 1.5 மடங்காகும். அந்த நீளத்தில் பாதிதான் வைத்தீர்கள் என்றால் பிடிபடுவது 71 விழுக்காடு. மிச்சம் 29 அடுத்த இன்லெட்டுக்கு, வழியில் சேரும் மழையோடு போகும். ஆகவே ஒவ்வொரு இன்லெட்டிலும் எவ்வளவு பிடித்தது என்பதை மட்டும் பார்க்காதீர்கள். தப்பிய நீர் எங்கே போய்ச் சேருகிறது என்று கடைவரிசை வரை பின்தொடருங்கள்.

இன்லெட் இருக்கும் இடத்துக்கு மென்பொருள் தரும் சரிவு, பள்ளம், ஆட்டோமேட்டிக்: எதைத் தேர்ந்தெடுப்பது?

இறக்கத்தில் சரிவு, கடைவரிசையின் தாழ்ந்த புள்ளியில் பள்ளம். நீங்களே குறிப்பிடுங்கள். ஆட்டோமேட்டிக் என்று விட்டால் உங்கள் வலையமைப்பைப் பார்த்து அதுவே முடிவெடுக்கும். ஒரு நோடின் (கால்வாய், குழாய் சேரும் புள்ளியின்) மட்டத்தைத் தவறாகக் கொடுத்தால் முடிவும் தவறிவிடும்.

இன்லெட் வாய் குப்பையால் அடைபடுவதற்கு எத்தனை விழுக்காடு போடுவது, சார்?

மழை விட்டதும் சாலைக்குப் போய்ப் பாருங்கள். நான் போனபோது கம்பிச் சட்டத்தின் மேல் ரப்பர் இலை பாய் விரித்தது போல ஒட்டிக் கிடந்தது. செம்பனை ஓலைத் துண்டு குறுக்கே கிடந்து தண்ணீரைச் சாலை நடுவே தள்ளியது. அதைப் பார்த்த பிறகு 0 என்று போட எனக்கு மனம் வராது. 0, 50 இரண்டையும் ஓட்டுவேன். 50இல் கடை வாசல் நனைந்தால், வடிவமைப்பு போதவில்லை.

என்னிடம் ஸ்வம் 5.1 பதிப்புதான் இருக்கிறது.

இன்லெட் வசதி 5.2இல்தான் வந்தது. அது இலவசம், இறக்கிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் சாலையைத் திறந்த கால்வாயாகவும் கீழே குழாயையும் வரைந்து, இடையில் அவுட்லெட் இணைப்பில் ஆழம்-ஓட்ட வளைவு (எவ்வளவு ஆழத்துக்கு எவ்வளவு நீர் இறங்கும் என்ற அட்டவணை) கொடுங்கள்.

கடைவரிசையில் இன்லெட் வழியாகத் தண்ணீர் மேலே பொங்குகிறதே?

கீழே குழாய் நிரம்பிவிட்டது. அங்கே இன்னும் இரண்டு வாய் வெட்டினால் பொங்க இரண்டு வாய்தான் கூடும். முதலில் டைனமிக் வேவ் முறையில் (குழாய் நிரம்பி நீர் பின்னோக்கித் தள்ளுவதையும் கணக்கிடும் முறை) ஓட்டுங்கள், குழாயின் நீர்மட்டக் கோட்டைச் சாலை மட்டத்தோடு ஒப்பிடுங்கள். அப்புறம் குழாயை அகலப்படுத்துவதா, மேட்டிலேயே நீரைத் தேக்கி மெதுவாக விடுவதா என்று பாருங்கள். மலேசிய நீர்ப்பாசன, வடிகால் துறையான ஜேபிஎஸ்ஸின் 2012 எம்.எஸ்.எம்.ஏ. மழைநீர் மேலாண்மைக் கையேடும் நீரைப் பிறந்த இடத்திலேயே கட்டுப்படுத்தத்தான் சொல்கிறது. இந்தத் தாமானில் மேலே, செம்பனை ஓரத்தில் காலி நிலம் இருக்கிறது. நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.