அக்ரிலிக் வண்ணம் தீட்டும் தூரிகைகள் கழுவிய பிறகும் ஏன் விறைத்து விரிந்துபோகின்றன?

வரைந்து முடித்ததும் ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கழுவியும், தூரிகையின் நுனி சீக்கிரமே பிரிந்து விரிந்துவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கான காரணம் பெரும்பாலும் கழுவும் முறையில் இல்லை. வரைந்துகொண்டிருக்கும்போது தூரிகையைக் கையாளும் முறையில்தான் இருக்கிறது.

அக்ரிலிக் வண்ணம் என்பது நிறமித் துகள்களும் நுண்ணிய பாலிமர் துகள்களும் நீரில் பரவி நிற்கும் ஒரு கலவை. நீர் ஆவியானதும் பாலிமர் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து பிளாஸ்டிக் படலமாக மாறிவிடுகின்றன; அதன் பிறகு எவ்வளவு நேரம் நீரில் ஊறவைத்தாலும் அது கரைவதில்லை. நீர்வண்ணம் காய்ந்தாலும் நீர் பட்டதும் இளகிவிடும், எண்ணெய் வண்ணம் காய்வதற்கு நாட்கள் பிடிக்கும், ஆனால் அக்ரிலிக்கின் மெல்லிய பூச்சு சில நிமிடங்களிலேயே காய்ந்துவிடும்.

வரையும்போது தூரிகையின் நுனிக்குப் புதிய வண்ணமும் நீரும் வந்துகொண்டே இருப்பதால் அது எளிதில் காய்வதில்லை. இழைகளைப் பிடித்திருக்கும் உலோக உறைவரை ஏறிவிட்ட வண்ணமோ அங்கேயே தங்கி இறுகி, இழைகளை அடியிலிருந்து அகட்டுகிறது. அடி அகன்ற தூரிகையின் நுனியை எந்தச் சோப்பாலும் மீண்டும் கூர்மையாக்க முடியாது.

ஆகவே வண்ணத்தைத் தொடும் முன்பே தூரிகையை நீரில் நனைத்து, மிகுதியான நீரைத் துணியில் ஒற்றி எடுத்துவிடுங்கள். அடியில் நீர் நிறைந்திருந்தால் வண்ணம் அவ்வளவு எளிதில் மேலேறாது. இழைகளின் பாதி நீளத்துக்கு மேல் வண்ணத்தை எடுக்காமல் இருப்பது, என் கருத்தில், மற்ற எல்லாப் பராமரிப்பையும்விட முக்கியமானது. இடையில் பயன்படுத்தாத தூரிகையை அலசி, ஆழமில்லாத தட்டில் நீர் விட்டு, இழைகள் மட்டும் நனையும்படி படுக்கவையுங்கள். குவளையில் தலைகீழாக நிறுத்தினால் நுனி வளைந்துவிடும். மரக் கைப்பிடியும் நீரை உறிஞ்சி உப்பும், மேற்பூச்சு வெடிக்கும், நாளடைவில் உலோக உறை கழன்று ஆடத் தொடங்கும்.

நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைகளே அக்ரிலிக்குக்கு ஏற்றவை. இவ்வண்ணம் சற்றே காரத்தன்மை உடையது என்பதாலும், நெடுநேரம் ஈரத்தில் இருக்க நேர்வதாலும், விலங்கு மயிர்த் தூரிகைகள் இதில் விரைவாகத் தளர்ந்துவிடுகின்றன.

கழுவும்போது முதலில் வண்ணத்தைத் துணியில் முடிந்தவரை துடைத்து எடுங்கள். பிறகு குளிர்ந்த நீரோ வெதுவெதுப்பான நீரோ போதும். வெப்பம் வண்ணம் இறுகுவதை விரைவுபடுத்தும் என்பதால் சுடுநீர் வேண்டாம். உள்ளங்கையில் சோப்பைக் குழைத்து, உறையை ஒட்டிய பகுதியை விரல்களால் மெல்லப் பிசைந்து, நுரையில் நிறம் வருவது நிற்கும்வரை அலசுங்கள். தாலோ நீலம் போன்ற சில நிறமிகள் வெண்ணிற இழைகளில் கறையாக நின்றுவிடும். அதனால் தீங்கு எதுவும் இல்லை. இறுதியில் நுனியை விரலால் கூட்டி வடிவமைத்துப் படுக்கவைத்தே உலர்த்துங்கள், ஏனெனில் ஈரமாக நிமிர்த்தி வைத்தால் எஞ்சிய வண்ணத்தோடு நீர் உறைக்குள் இறங்கிவிடும்.

ஏற்கெனவே இறுகிய தூரிகைகளை, காற்றோட்டமான இடத்தில், இழைகள் மட்டும் படும்படி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சிறிது நேரம் ஊறவைத்துச் சோப்பால் கழுவினால் படலம் ஓரளவு இளகி உரிந்து வரும். ஆயினும் நுண்ணிய கோடுகளுக்கு அவற்றை நம்ப வேண்டாம். பின்னணி நிரப்பவும், இலைக்கூட்டம், பாறை போன்ற சொரசொரப்பான பரப்புகளைத் தீட்டவும் அவை நன்றாகவே உதவும்.