இலவச மின் இணைப்புக்குக் காத்திருக்கலாமா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் மூன்று ஏக்கர் நிலம். போர்வெல் போட்டு, இலவச மின் இணைப்புக்குப் பதிந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்றும் டீசல் என்ஜின்தான். ஏன் இத்தனை தாமதம்? பணம் கட்டி விரைவு முறையில் வாங்கிவிடலாமா?

பதில்: தாமதத்துக்குக் காரணமே அந்த இலவசம்தான். 1990 முதல் தமிழகத்தில் எல்லா விவசாயிகளுக்கும் பம்பு செட் மின்சாரம் இலவசம். உங்கள் வயலுக்குக் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தால் மின்வாரியத்துக்குச் செலவு உண்டு. உங்களிடமிருந்து வரவு இல்லை. அந்த வரவை அரசு மானியமாக, அதுவும் முன்கூட்டியே தர வேண்டும் என்கிறது 2003 மின்சாரச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு. ஆகவே எத்தனை பேருக்கு இணைப்பு என்பது அரசின் கையிருப்பைப் பொறுத்தது. மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நீங்கள் ரூபாயாகக் கட்டாததை ஆண்டுகளாகவும் டீசலாகவும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இணைப்பு கிடைத்தவருக்கும் செலவு தீர்வதில்லை. குறுவை நடவு நேரத்தில் மும்முனை மின்சாரம் வந்ததும், ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிய மோட்டார்கள் அனைத்தும் ஒரே நொடியில் ஓடத் தொடங்கும். டிரான்ஸ்பார்மர் திணறும், வோல்டேஜ் சரியும், மோட்டார் கூடுதல் கரண்டை இழுக்கும். கொட்டகைக்குள் வார்னிஷ் கருகும் வாடை வந்தால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) எரிந்துவிட்டது என்று பொருள். அதைப் புதிதாகச் சுற்றும் ரீவைண்டிங் கூலி, அதற்குள் வெடித்துப்போகும் நாற்றங்கால் எல்லாம் விவசாயி தலையில்தான்.

இதற்காக இலவசத்தை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு விலை வைக்கும் உரிமை உங்களிடம் இல்லை. மின்சாரத்துக்கு மட்டும் முழு விலை கேட்பது அநியாயம். மானியம் உரிய காலத்தில் வாரியத்துக்குப் போய், டிரான்ஸ்பார்மராகவும் கம்பியாகவும் ஊருக்குள் வர வேண்டும்.

இனி உங்கள் கணக்கு. சம்பா மட்டும் செய்பவரானால் ஆற்றுநீரும் வடகிழக்குப் பருவமழையும் பெரும்பாலும் கைகொடுக்கும், காத்திருங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்காத ஆண்டிலும் குறுவை போடுபவரானால், கடைசி மூன்று குறுவைக்கு வாங்கிய டீசலைக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை விரைவு முறைக் கட்டணத்தில் பாதியைத் தொட்டாலே கட்டிவிடலாம் என்பேன். திட்டம் இப்போது திறந்திருக்கிறதா, கட்டணம் எவ்வளவு, பழைய பதிவு மூப்பு என்னவாகும் என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். உங்கள் டிரான்ஸ்பார்மரில் இன்னும் ஒரு மோட்டாருக்கு இடமிருக்கிறதா என்று லைன்மேனிடம் விசாரியுங்கள். ஐந்து குதிரைத்திறன் போதுமென்றால் ஏழரைக்கு விண்ணப்பிக்க வேண்டாம்.