சிங்கப்பூர் போகிறோம், பாஸ் வாங்கலாமா?

இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்குப் பக்கத்தில் படிப்பிக்கிற ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். பாடசாலை விடுமுறையில் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறார்கள். அவர், கணவர், 70 வயது அம்மா, 8 வயது மகன், 4 வயது மகள். நான்கு இரவு, தங்குவது லிட்டில் இந்தியாவில். டிக்கட் போட்டுக் கொடுத்த முகவர், எல்லோருக்கும் மூன்று நாள் சுற்றுலாப் பயண பாஸும் (ரயிலிலும் பஸ்ஸிலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம்), அதோடு பல இடங்களுக்குச் செல்லுபடியாகும் நுழைவு பாஸும் எடுத்தால் “மொத்தமாக மிச்சம்” என்கிறாராம். எடுக்கலாமா என்பது கேள்வி.

டீச்சர், நேராகவே சொல்லிவிடுகிறேன். இரண்டும் உங்களுக்கு வேண்டாம்.

காரணத்தை உங்கள் அம்மாவுக்குச் சொல்வது சுலபம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர் என்று எழுதியிருக்கிறீர்கள். பாஸ் என்பது தோட்டத்தில் பேர் போடுகிற, அதாவது நாட்சம்பளம் பதிகிற மாதிரி. நாளுக்கு ஒரு தொகை, அதற்கு இத்தனை கிலோ நிறுத்தே ஆக வேண்டும், குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். அட்டையில் காசு போட்டு, ஏறுகிற தடவைக்கு மட்டும் கட்டுவது கைக்காசு மாதிரி. எடுத்த கொழுந்துக்குத்தான் கணக்கு. ஒரே வித்தியாசம், இங்கே காசு நம் கையிலிருந்து போகிறது. பாஸை வாங்கிவிட்டுக் கிலோ குறைந்தால் நட்டம் நமக்கு. 70 வயது அம்மாவையும் 4 வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு யார் நிறை காட்டப் போகிறார்கள்?

சரி, இப்போது காசுக் கணக்கு. சிங்கப்பூர் சுற்றுலாப் பயண பாஸ், நான் கடைசியாகப் பார்த்த விலைப்படி, ஒரு நாளுக்கு 17, இரண்டு நாளுக்கு 24, மூன்று நாளுக்கு 29 சிங்கப்பூர் டொலர். (அங்கே நம் ஆட்கள் டொலரை ‘வெள்ளி’ என்பார்கள், குழம்ப வேண்டாம்.) உங்களில் பயணக் காசு கட்ட வேண்டியவர்கள் நான்கு பேர். மூன்று நாள் பாஸ் நான்கு என்றால் 116 டொலர், நம் காசில் ஏறத்தாழ கால் இலட்சம்.

பாஸ் இல்லாமல் போனால்? அங்கே ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் தூரத்தை வைத்துத்தான் கட்டணம். நகரத்துக்குள் பெரும்பாலான பயணங்கள் ஒன்றேகால் டொலரிலிருந்து இரண்டரை டொலருக்குள் முடிந்துவிடும். குறித்த நேரத்துக்குள் ரயிலிலிருந்து பஸ்ஸுக்கு மாறினால் அது புதுப் பயணமாகக் கணக்கில் வராது, தொடர்ச்சிதான். மூன்று நாள் பாஸ் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 9 டொலர் 70 சதம் விழுகிறது. அதைக் கழிக்க ஒவ்வொருவரும் தினமும் ஐந்தாறு தடவை ஏறி இறங்க வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் திட்டத்தில் காலையில் ஒரு இடம், பகலில் அறைக்கு வந்து ஓய்வு, மாலையில் இன்னொரு இடம். மிஞ்சினால் நான்கு தடவை. பாதி நாட்களில் இரண்டுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாஸில் ஒரு நாள் என்பது 24 மணித்தியாலம் இல்லை, அன்றைய சேவை முடியும் வரைதான். பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கினால் பாதி நாள் போய்விட்டது.

உண்மையில் உங்களுக்குக் காசு மிச்சப்படுத்தித் தருவது பாஸ் இல்லை, நீங்கள் தங்குகிற இடம். லிட்டில் இந்தியா நிலையத்தில் இரண்டு ரயில் பாதைகள் சந்திக்கின்றன. நீலக் கோட்டில் ஏறினால் நான்காவது நிறுத்தம் பேஃபிரண்ட், கரையோரப் பூந்தோட்டங்கள் (கார்டன்ஸ் பை த பே) அங்கேதான். அதே கோட்டில் எதிர்ப்பக்கம் போனால் மூன்றாவது நிறுத்தம் தாவரவியல் பூங்கா. அங்குள்ள தமிழர் அதைப் பூமலை என்பார்கள், கேட்கவே நன்றாக இருக்கிறது. ஊதாக் கோட்டில் மூன்றாவது நிறுத்தம் சைனாடவுன். 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயில் அங்கே நடை தூரத்தில். அதே கோட்டின் கடைசி ஹார்பர்ஃபிரண்ட், செந்தோசா தீவுக்கு வாசல் அதுதான். எதற்கும் ரயில் மாறத் தேவையில்லை. வீரமாகாளியம்மன் கோயிலும் தேக்கா சந்தையும் அறையிலிருந்து நடந்தே போகலாம்.

அப்புறம், அட்டை. உங்களுக்கும் கணவருக்கும் வெளிநாட்டில் வேலை செய்கிற, தொட்டுக் கட்டுகிற விசா அல்லது மாஸ்டர்கார்ட் அட்டை இருந்தால் அதையே ரயில் வாசலில் தொட்டுப் போகலாம். ஆனால் வெளிநாட்டு அட்டைக்கு அவர்கள் பயணம் செய்யும் நாளுக்கு ஒரு சிறு கட்டணம் எடுக்கிறார்கள். நம் வங்கியும் நாணய மாற்றுக்குத் தன் பங்கைக் கழிக்கும். ஓர் அட்டையில் இரண்டு பேர் போகவும் முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். அதனால் நால்வருக்கும் காசு போட்டு வைத்துத் தொட்டுப் போகிற ஈஸி-லிங்க் அட்டை வாங்குவதே சரி என்பேன். 10 டொலர் கொடுத்தால் அதில் 5 அட்டையின் விலை, திரும்பக் கிடைக்காது. மற்ற 5 பயணத்துக்கு. அட்டை பல வருடம் செல்லுபடியாகும், அடுத்த முறை போகிற சொந்தக்காரருக்குக் கொடுத்துவிடலாம்.

பிள்ளைகள் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 90 சென்டிமீற்றருக்குக் குறைந்த பிள்ளை பெரியவரோடு இலவசமாகப் போகலாம். உங்கள் மகள் அதைத் தாண்டியிருப்பாள். ஆனால் 7 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பயணச்சீட்டு அலுவலகத்தில் இலவசப் பிள்ளை அட்டை தருவார்கள், அவளுடைய கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். முகவர் “எல்லோருக்கும்” என்று மகளுக்கும் சேர்த்து ஐந்து பாஸ் கணக்குப் போட்டிருந்தால் ஒன்று சும்மா போகிற காசு. மகனுக்கு 8 வயது, பெரியவர் கட்டணம்தான். அம்மாவுக்கும் அப்படியே. முதியோர் சலுகை அந்த நாட்டு மக்களுக்கு மட்டும்.

இனி நுழைவு பாஸ். இதில் இரண்டு வகை. ஒன்று நாள் கணக்கு, இத்தனை நாளுக்குள் முடிந்ததையெல்லாம் பார். மற்றது எண்ணிக்கைக் கணக்கு, மூன்று இடமோ நான்கு இடமோ தெரிந்தெடு. இரண்டுமே காசு கொடுத்துப் பார்க்கும் இடங்களை அடுக்கடுக்காகப் பார்ப்பவருக்கு. உங்கள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மெர்லயன் சிலை இலவசம். பூமலை இலவசம், ஓர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கட். கரையோரப் பூந்தோட்டத்தின் வெளிப்பகுதி இலவசம். அங்கே இரவு 7.45க்கும் 8.45க்கும் இராட்சத செயற்கை மரங்களில் நடக்கும் ஒளிக்காட்சியும் இலவசம். கோயில்களைச் சொல்லவே வேண்டாம். மிஞ்சுவது மிருகக்காட்சிச்சாலை, செந்தோசாவில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ், பூந்தோட்டத்துக்குள் இருக்கும் மேகக்காடு. மூன்று இடத்துக்குத் தனித்தனியாக, அந்தந்த இடத்தின் சொந்த இணையத்தளத்தில் பெரியவர், பிள்ளை விலைகளைக் கூட்டி, முகவர் சொன்ன தொகையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

மேகக்காட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடிக் கூடத்துக்குள் செயற்கை மலை, 35 மீற்றர் நீர்வீழ்ச்சி, நேரம் பார்த்துக் கிளப்பிவிடுகிற மூடுபனி. வெயில் ஊர்க்காரருக்கு அது அதிசயம். ஹட்டனிலிருந்து போய், காசு கொடுத்துப் பனிமூட்டம் பார்க்க வேண்டுமா என்று உங்கள் அம்மா கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பிள்ளைகள் அடம் பிடித்தால் போங்கள்.

மண்டாய் மிருகக்காட்சிச்சாலைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். பக்கத்திலேயே பறவைப் பூங்காவும் இருக்கிறது, இரண்டையும் பார்ப்பதென்றால் அவர்களே விற்கும் கூட்டு டிக்கட்டை எடுக்கலாம். நான் பரிந்துரைக்கிற ஒரே சேர்க்கை டிக்கட் அதுதான். நைட் சஃபாரி இரவு 7.15க்குப் பிறகுதான் திறக்கும். மகள் தூங்கி விழுவாள், விட்டுவிடுங்கள். மண்டாய்க்குப் போவதற்கு மட்டும் ரயில் மாற வேண்டியிருக்கும்: நீலக் கோட்டில் அடுத்த நிறுத்தமான நியூட்டனில் சிவப்புக் கோட்டுக்கு மாறி, காத்திப் நிலையத்தில் இறங்கி பஸ் எடுங்கள்.

செந்தோசாவுக்கு ஹார்பர்ஃபிரண்டிலிருந்து குட்டி ரயில் ஒன்று ஓடுகிறது. அதற்கு ஆளுக்கு 4 டொலர், சுற்றுலாப் பயண பாஸ் அதில் செல்லாது. முகவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். திரும்பி வருவது இலவசம். அம்மாவுக்கு முடியுமென்றால் நடைபாலத்தில் காசில்லாமலே போய்விடலாம்.

பாஸ் யாருக்குத்தான் நல்லது? வேறு நாட்டுக்குப் போகிற வழியில் ஒரே நாள் தங்கி, விடியற்காலையில் இறங்கி இரவு வரை ஓடித் திரிகிற இளவட்டங்களுக்கு. அதுவும் எட்டு ஒன்பது தடவை ஏறினால்தான்.

கடைசியாக, பஸ்ஸில் கவனம். நம் ஊர் மாதிரி கொண்டக்டர் கிடையாது. ஏறும்போது தொட்ட அட்டையை இறங்கும்போதும் தொட வேண்டும். முதல் தடவை போனபோது நான் இறங்கும் அவசரத்தில் தொடாமல் குதித்துவிட்டேன், மூன்று நிறுத்தம் போனதற்கு, அந்த பஸ் போய் முடிகிற இடம் வரைக்குமான காசு போய்விட்டது. அம்மாவின் அட்டையை மகனிடம் கொடுத்து வையுங்கள், அவன் இரண்டையும் தொட்டுவிடுவான்.