சீனா சறுக்கினால் கோத்தகிரிக்கு என்ன?

கேள்வி: சீனப் பொருளாதாரம் திடீரென்று படுத்துவிடும் என்று டிவியில் பயமுறுத்துகிறார்கள். ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் எனக்கு இதனால் பாதிப்பு உண்டா?
– சிறு விவசாயி, கோத்தகிரி

பதில்: உங்கள் இலைக்கு நேரடியாகப் பெரிய பாதிப்பு இருக்காது. உலகிலேயே அதிகம் தேயிலை விளைவிப்பது சீனாதான். அங்கே பெரும்பாலும் கிரீன் டீ. குன்னூர் ஏலத்துக்குப் போகும் நம் சிடிசி தூளை, அதாவது பால் டீக்குப் போடும் கறுப்புக் குருணைத் தூளை, நம்பி அவர்கள் இல்லை, அவர்களை நம்பி நாமும் இல்லை.

நமக்கு அடி விழுந்தது வேறு பக்கத்திலிருந்து. சோவியத் யூனியன் டாலர் கேட்காமல் ரூபாய்க் கணக்கிலேயே நம் தேயிலையை வாங்கிக்கொண்டிருந்தது. 1991ல் அந்த நாடே இல்லாமல் போனது. 90களின் கடைசியில் பச்சை இலை விலை சரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அப்போது குன்னூர் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் நகைக்கடன் மேஜை என்னுடையது. இலைக்கு வந்த காசு பறிப்புக் கூலிக்கே காணவில்லை என்று தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். மகள் கல்யாணத்துக்கு என்று சேர்த்த வளையல், உரமூட்டைக்காக என் தராசில் ஏறியது.

சரி, சீனாவுக்கு வருவோம். அங்கே குடும்பங்களின் சேமிப்பில் பெரும்பகுதி வீடுகளில் கிடக்கிறது. கட்டி முடிப்பதற்கு முன்பே பணம் வாங்கி, அந்தப் பணத்தில் அடுத்த மனையைப் பிடிப்பது கட்டுமான நிறுவனங்களின் வழக்கம். புது ஆள் சேரும்வரை ஓடும் சீட்டுக் கம்பெனி மாதிரி. 2020ல் அரசு கடனுக்குக் கடிவாளம் போட்டதும் வண்டி நின்றது. 30,000 கோடி டாலருக்கு மேல் கடன் வைத்திருந்த எவர்கிராண்டே என்ற கட்டுமான நிறுவனம் 2021ல் தவணை தவறியது. 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. பாதியில் நின்ற வீடுகளுக்கு 2022ல் மக்கள் கடன் தவணை கட்ட மறுத்தார்கள்.

ஆனால் ஒரே ராத்திரியில் எல்லாம் கவிழும் என்று நான் நினைக்கவில்லை. பெரிய வங்கிகள் அரசின் கையில். பணமும் இஷ்டப்படி நாட்டை விட்டு வெளியேற முடியாது. 1990க்குப் பிறகு ஜப்பான் இழுத்ததுபோல் வருடக்கணக்கில் இழுக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அந்த இழுவை உங்களிடம் வருவது தகரமாகவும் கம்பியாகவும். உலகின் எஃகில் பாதிக்கு மேல் அங்கே உருக்கப்படுகிறது. உள்ளூரில் வீடு கட்ட ஆளில்லை என்றால் அது வெளிநாட்டுக்குத்தான் போகும். 2015ல் போனது, 2024லும் 10 கோடி டன்னுக்கு மேல் போனது. வீட்டுக் கூரை மாற்றுகிறவருக்கு லாபம். நம் எஃகு ஆலைகளுக்கு நஷ்டம் என்பதால் டெல்லி வரி போடும். 2025 ஏப்ரலில் சில வகை எஃகுக்கு 12 சதவீதம் போட்டார்கள்.

கேள்வி: மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் எஸ்ஐபி (தவணை முதலீடு) கட்டுகிறேன். சீனப் பயத்தில் அதை நிறுத்திவிடட்டுமா?
– பள்ளி ஆசிரியை, குன்னூர்

பதில்: வேண்டாம். 2015 ஆகஸ்ட் 24 அன்று சீனப் பயத்தில் சென்செக்ஸ் 1,600 புள்ளிகளுக்கு மேல் விழுந்தது. அன்று பதறி விற்றவர்களுக்குத்தான் அது நிஜ நஷ்டம். அடுத்த வருடமே எடுக்க வேண்டிய பணம் என்றால் மட்டும் பங்குச்சந்தையில் வைக்காதீர்கள். அது சீனா நன்றாக இருக்கும்போதும் பொருந்தும்.

கேள்வி: சீனப் பூண்டு மலிவாக வந்து இறங்கிவிடுமோ?
– பூண்டு விவசாயி, ஊட்டி

பதில்: என்னைக் கேட்டால் இந்த மூன்றில் நியாயமான பயம் உங்களுடையதுதான். உலகப் பூண்டில் பெரும்பங்கு சீனாவில் விளைகிறது. இந்தியாவில் 2014 முதல் அதற்குத் தடை இருந்தும் நேபாள எல்லை வழியாகக் கடத்தி வருகிறார்கள். அங்கே விலை விழுந்தால் கடத்துகிறவனுக்குக் கொண்டாட்டம். உங்களுக்கு ஒரு வசதி, வட மாநில வியாபாரிகள் மேட்டுப்பாளையம் மண்டியில் நம் பூண்டை விதைக்காக வாங்குகிறார்கள். கடத்தல் பூண்டு முதலில் இடிப்பது சமையல் பூண்டின் விலையைத்தான். அதனால் நல்ல பருமனான பூண்டைத் தனியாகத் தரம் பிரித்து விதைக்கென்று விற்கப் பாருங்கள். மொத்தமாகக் கலந்து மூட்டை கட்டினால் மண்டிக்காரர் சொல்வதுதான் விலை.