லண்டன் கால்வாயில் டெஞ்ச், பிரீம் மீன்களைத் தூண்டிலில் பிடிப்பது: கேள்வி பதில்

கே: அல்பேர்டனில் வீட்டுக்குப் பின்னால் கிராண்ட் யூனியன் கால்வாய் ஓடுகிறது, அண்ணா. இரண்டு சனிக்கிழமை நடுப்பகலில் போய் இருந்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

ப: நேரம்தான் பிழை, தம்பி. ஜூன், ஜூலையில் விடியக்காலை நாலரைக்கே கரையில் இருக்க வேணும். படகுகள் ஓடத் தொடங்கமுதல் கிடைக்கிற அந்த இரண்டு மூன்று மணித்தியாலம் பொன்னானது. அடுத்தது இடம். படகு போகிற நடுப்பகுதி ஆழம், இரண்டு கரையோரமும் திண்ணை மாதிரி ஆழம் குறைவு. அந்தத் திண்ணை சரிந்து இறங்குகிற அடியில்தான் இரை வந்து தங்கும். முள்ளில் ஈயக்கட்டியை மாட்டி இறக்கி, ஆழத்தை அளந்து அந்த இடத்தைக் கண்டுபிடியுங்கோ. அல்லி இலையோ நாணலோ இருந்தால் அதன் ஓரத்தை விடாதேங்கோ. ஊசிமுனை அளவுக் குமிழிகள் கொத்துக் கொத்தாக எழும்பினால் கீழே டெஞ்ச் சேற்றைக் கிளறுது. எத்தனை வருஷமானாலும் அதைக் கண்டால் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

கே: உரிமம் கட்டாயமா? மகனுக்கு 14 வயது.

ப: ஓம் அக்கா. இங்கிலாந்தில் 13 வயதிலிருந்து தூண்டில் உரிமம் வேணும். 13 முதல் 16 வரை இலவசம், ஆனால் பதிவு செய்ய வேணும். இல்லாமல் பிடிபட்டால் 2,500 பவுண்ட் வரை தண்டம் வரலாம். அந்தக் கால்வாய்ப் பகுதியைக் கவனிக்கிற தூண்டில் சங்கத்தின் அனுமதிச்சீட்டு வேறாக எடுக்க வேணும். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் தடை. பெரும்பாலான கால்வாய்களுக்கு அந்தத் தடை இல்லை.

கே: என்ன இரை நல்லது?

ப: மண்புழு, டின் சோளம், பாண். இந்த மூன்றும் போதும். பிரீம் கூட்டமாக மேய்கிற மீன். பாண்தூளை நனைத்து, தோடம்பழ அளவில் நாலைந்து உருண்டை போட்டால் கூட்டம் நின்று தின்னும். டெஞ்சுக்கு அவ்வளவு வேண்டாம், ஒரு கைப்பிடி சோளமும் நறுக்கின புழுவும் காணும்.

கே: தக்கை தாழாமல் மேலே எழும்பிச் சரிந்து படுக்கிறது. மீனா, நீரோட்டமா?

ப: மீன்தான்! பிரீம் உயரமான, தட்டையான உடம்புக்காரன். தலைகீழாகச் சரிந்து தரையிலிருக்கிற இரையை எடுத்துவிட்டு நிமிரும். நிமிரும்போது முள்ளுக்குக் கிட்ட இருக்கிற ஈயக்குண்டும் தூக்கப்படும், பாரம் குறைந்த தக்கை எழும்பும். டெஞ்சும் இப்படிச் செய்யும். தக்கை படுக்கிற நேரம் தூண்டிலை நிதானமாக உயர்த்துங்கோ. ஆனால் தக்கை சட்டென்று அமிழ்ந்து உடனே திரும்பி வந்தால், பெரும்பாலும் கூட்டத்தில் ஒரு மீன் தங்கூசியில் உரசியிருக்கும். அப்போது வெட்டி இழுத்தால் முள் உடம்பில் குத்தும், முழுக் கூட்டமும் கலைந்துவிடும். கை துடித்தாலும் பொறுத்திருங்கோ.

கே: பிடித்ததைக் கறி வைக்கலாமா?

ப: வேண்டாம். நம்மவர்கள் என்னிடம் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான். இங்கே கால்வாய் மீனைத் திரும்ப விடுவதுதான் சங்கங்களின் விதி. கையை நனைத்துவிட்டுத் தொடுங்கோ, மீனின் மேலிருக்கிற வழுவழுப்புத்தான் அதற்குக் காப்பு. டெஞ்சின் வழுவழுப்பில் உரசி மற்ற மீன்கள் புண்ணை ஆற்றிக்கொள்ளும் என்று இங்கத்தைய பழைய ஆட்கள் நம்பினார்கள். அதனால் அதற்கு 'வைத்தியர் மீன்' என்றே பெயர். பச்சை உடம்பும் சின்னச் சிவப்புக் கண்ணுமாக அது கையை விட்டு நழுவிப் போவதை ஒருமுறை பாருங்கோ, கறி நினைவே வராது.

கே: கரையோரத்தில் மின்கம்பி போகிறது. கொஞ்சம் தள்ளி இருந்தால் போதாதா?

ப: போதாது, தம்பி. கார்பன் தூண்டில் மின்சாரத்தைக் கடத்தும். கம்பியைத் தொடவே தேவையில்லை, கிட்டப் போனாலே பாயும். குறைந்தது 30 மீட்டர் தள்ளிப் போங்கோ. தூண்டிலை நீட்டமுதல் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கோ.